சித்தப்பாவுக்கு கன்ட்ரோல் எஸ்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கூட்டத்தை எழுதி அனுப்பி முடித்தேன். பேச்சில் பாதி நேரம் மைக் வேலை செய்கிறதா இல்லையா என்ற விசாரணைதான். அடுத்தவர் பேசிய பதிவைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. காதில் ஹெட்போன், காலடியில் பதிவை நிறுத்தி ஓட்டும் பெடல், கண் மூடியிருக்கும். திரையைப் பார்க்காமல் தட்டுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இந்த நாட்குறிப்பையும் வேலைக்கு வைத்திருக்கும் அதே எடிட்டர் மென்பொருளில்தான் எழுதுகிறேன். பேனா பிடித்தால் என் கையெழுத்து எனக்கே புரியாது.

ஞாயிற்றுக்கிழமையும் அக்கா சாப்பிடக் கீழே வரவில்லை. தலைவலியாம். போன வாரம் வயிற்றுவலி. அதற்கு முந்தின வாரம் கடையில் வேலை. இப்படியே போனால் அவளுக்கு வராத வியாதியே இருக்காது.

கீழ் வீட்டில் நானும் அம்மாவும். மேல் வீட்டில் அக்கா, அத்தான், அவர்கள் பெண் சுண்டெலி. பக்கத்துத் தெருவில் சித்தப்பா. ஞாயிறு மதியம் எல்லோரும் கீழே ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து அக்காவின் காதைக் கொண்டுபோய்விட்டது. கருவி வைத்திருக்கிறாள். ஒருவர் முகத்துக்கு நேராக நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். நாலு பேர் சேர்ந்து பேசினால், "பாத்திரம் உருட்டுற சத்தம்தான் கேக்குது" என்கிறாள். ஒரு காலத்தில் அந்த மேஜையில் அக்கா வாயைத் திறந்தால் மற்றவர்களுக்குப் பேச இடமே கிடைக்காது. இப்போது எல்லோரும் சிரித்தால் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "என்ன? என்ன?" என்று கேட்பாள். யாராவது ஒருவர், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அப்புறம் யாரும் சொல்வதில்லை.

அவள் வராமலே பழகிவிடுவாள். நாங்களும் பழகிவிடுவோம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

சுண்டெலி தன் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொண்டு வந்தாள். நாம் பேசப் பேச அதுவே எழுதிக் காட்டுமாம். நானும் அம்மாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். அம்மா, "உப்பு கம்மி" என்றாள். அது "ஒப்பு கம்பி" என்று எழுதியது. சித்தப்பா ரொட்டியை மென்றுகொண்டே பேசியதை அது எழுதிய விதத்தைப் பார்த்து அவரே, "நான் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசறவனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயில் சாப்பாட்டோடு பேசுவதைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

நான் இந்த வீட்டில்தானே பிறந்தேன்? ஊரார் கூட்டத்தையெல்லாம் தட்டிக் கொடுக்கிறேன். என் வீட்டு மேஜையைத் தட்ட மாட்டேனா?

மார்ச் 8, ஞாயிறு

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பழைய திரையைத் துடைத்து அவள் தட்டுக்கு எதிரே வைத்து, எழுத்தை மாங்காய் அளவுக்குப் பெரிதாக்கி, என் மடிக்கணினியோடு இணைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படுதோல்வி.

பதிவென்றால் பெடலை மிதித்து நிறுத்தலாம். அத்தானை எந்தப் பெடலை மிதித்து நிறுத்துவது? யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் பெயரைத் தட்டுவதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. எல்லோரும் சிரித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரையில் நகைச்சுவை வந்து சேர்ந்தது. அக்கா தனியாகச் சிரித்தாள். அது முன்னைவிட மோசம்.

"விடுடி, உன் சாப்பாடும் ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 9, திங்கள்

ரோஷம் வந்துவிட்டது. எடிட்டரின் செட்டிங்ஸை முழுக்கக் குடைந்தேன். இத்தனை வருஷம் இதை வைத்துக் குடித்தனம் நடத்தியும் இதற்குள் இவ்வளவு அறை இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். எந்த விசையை அழுத்தினால் எது வரவேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாம். இரண்டு எழுத்தைத் தட்டி ஸ்பேஸ் அடித்தால் ஒரு முழு வாக்கியமாக விரியும்படியும் செய்யலாம்.

கன்ட்ரோலோடு எம் என்றால் "அம்மா:". டி என்றால் "அத்தான்:". இ என்றால் "சுண்டெலி:". எஸ் என்றால் "சித்தப்பா:". ஒவ்வொன்றும் புது வரியில் வந்து நிற்கும். எஸ் போடும்போது எடிட்டர் ஏதோ கேட்டது. ஆமாம் ஆமாம் என்று அழுத்திவிட்டேன். இது கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

பிறகு "சி" என்றால் (சிரிப்பு). "வா" என்றால் (வாய் நிறைய சாப்பாடு). "ரெ" என்றால் (ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்). அம்மா வாரா வாரம் சொல்லும் "எனக்கென்ன, நான் சொன்னா யார் கேக்கறீங்க" என்பதற்கு இரண்டே எழுத்து. சித்தப்பா தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பான ஆபீஸில் இறங்கி, மதியம் வரை அங்கே வேலை பார்த்த கதைக்கும் இரண்டே எழுத்து.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா நாலு தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் காதே கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா?

காலையில் போன். எனக்கு வேலை தரும் அலுவலகத்தில் நான் எழுதியதைச் சரிபார்க்கும் ஆள். இதுவரை குரலே கேட்டதில்லை, மின்னஞ்சல்தான். ஒரு காற்புள்ளியை விட்டால்கூடத் திருப்பி அனுப்புவார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் காற்புள்ளி.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். இந்தச் சித்தப்பா யாருங்க?"

"எந்தச் சித்தப்பா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இயக்குநர் குழுவில பேர் பட்டியல் பார்த்துட்டேன். அப்படி ஒருத்தர் இல்ல. ஆனா கூட்டத்துல முக்கால்வாசி அவர்தான் பேசறார்."

ஃபைலைத் திறந்து பார்த்தேன். கன்ட்ரோல் எஸ் என்பது சேமிக்கும் விசை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை அதை அழுத்துவது என் விரல்களின் ரத்தத்தில் ஊறியது. எடிட்டர் திங்கட்கிழமை கேட்டது அதைத்தான்: இந்த விசைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறதே, மாற்றட்டுமா என்று. நான் ஆமாம் என்றிருக்கிறேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தை எழுதியிருக்கிறேன். ஆண்டறிக்கையை முன்மொழிந்தவர் சித்தப்பா. தணிக்கையாளரை மறுபடி நியமித்தவர் சித்தப்பா. பங்குதாரர்களுக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தவரும் அவரே.

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பக்கம் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இவருக்குச் சிரிக்க வருமா? வாடிக்கையாளரிடம் போகவில்லையாம், அவரே எல்லாவற்றையும் நீக்கிவிட்டாராம். எதற்காக இந்த விசை என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "வீட்டுக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா செட்டிங்ஸ் வச்சுக்கலாம் மேடம். நான் சொல்லித் தரவா?" என்றார்.

சொல்லித் தந்தார். பொறுமையாக. வேலைக்கு வெறும் எடிட்டர். வீட்டுக்கு என் குறும்பு எல்லாம் சேர்ந்தது. மேஜைப் பேச்சும் இந்த நாட்குறிப்பும் வீட்டுப் பக்கம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "தணிக்கையாளரை நான் மாத்தியிருப்பேனே" என்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

வேலை செய்கிறது! அம்மா வாயை மூடுவதற்குள் திரையில் வந்துவிடுகிறது. அக்கா தட்டைப் பார்க்காமல் திரையையே பார்த்துச் சாப்பிட்டாள். (சிரிப்பு) என்று வந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி இது பேசறது?"

"அம்மாதான். பேரு போட்டிருக்கே."

"'உப்புக் குறைவாக உள்ளது. சமைத்தவர் யார்? ஓ, நானா?' அம்மா இப்படியா பேசுவாங்க? செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. அம்மா எங்க?"

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் அக்கா கேட்டது எனக்குப் புரிந்தது. தொழில் பழக்கம். காதில் பேச்சாக விழுவது என் விரல் வழியே வெளியே வரும்போது சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பேசினது பேசினபடியே வேண்டுமாம்.

"அப்புறம் இது என்ன, சித்தப்பா, '(பஸ் கதை)'?"

"அதான் அவர் எப்பவும் சொல்ற கதை. உனக்குத் தெரிஞ்சதுதானே?"

"உங்களுக்கும் தெரிஞ்சதுதானே? நீங்க முழுசா கேட்டீங்க இல்ல? எனக்கு மட்டும் எதுக்குச் சுருக்கம்? போன தடவைக்கு இந்தத் தடவை என்ன மாத்திச் சொன்னார்னு எனக்கும் பார்க்கணும்."

கதை விசையை அழித்துவிட்டேன். அம்மாவின் புலம்பல் விசையையும். இரண்டு எழுத்துச் சோம்பேறித்தனம் இவ்வளவு பெரிய தப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

காற்புள்ளி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேட்கத்தான். ஒரு அரைப்புள்ளியைப் பற்றியும் இரண்டு வார்த்தை, சாக்குக்கு.

மார்ச் 22, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா சாப்பாட்டை மறந்து படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அத்தான், அன்பாகத்தான், அவர் அன்பானவர்தான், எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சுக்கிட்டே சாப்பிடணுமா? பேசாம மேலேயே கொடுத்தனுப்பிடலாமே. நிம்மதியா சாப்பிடுவா."

என் விரல் நின்றுவிட்டது. "அத்தான்:" என்று வந்தாயிற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி அணைகிறது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். சித்தப்பா தண்ணீர் குடித்தார்.

"என்ன சொன்னார்?"

நான் தட்டினேன். என்ன தட்டினேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல."

அதுக்கு விசை கூட வைக்கல நான். தானா வந்துச்சு. ஏன்டி அப்படித் தட்டின? யாரு உன்னைக் கேட்டா? இவ்வளவு பாடுபட்டு, திரையை வச்சு, எழுத்தைப் பெருசாக்கி, கடைசில அதையேதான் மாங்காய் அளவுக்குக் காட்டணுமா? வாயால சொன்னப்பவாவது அது காத்துல போச்சு. நான் எழுதியே காட்டிட்டேன்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மார்ச் 23, திங்கள்

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். திரைச்சீலை தைக்கும் கடை. பச்சைத் துணிக்குள் பாதி மூழ்கி உட்கார்ந்திருந்தாள். அத்தான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் தட்டி வைத்திருந்தேன். அவள் முன் திருப்பி வைத்தேன்.

படித்தாள். மறுபடி படித்தாள்.

"இவ்வளவுதானா?"

தலையாட்டினேன்.

"நான் என்னென்னமோ நினைச்சேன்டி. ராத்திரி பூரா. என்னைத் தொல்லைன்னு சொன்னாரோ, எல்லாரும் சேர்ந்து ஏதோ முடிவு பண்ணிட்டீங்களோன்னு." மெஷினில் இருந்த துணியை இழுத்து வெட்டினாள். "நீ தட்டாம விடறதை நான் மனசுக்குள்ள எழுதிக்கிறேன். நான் எழுதறது எப்பவும் இதைவிட மோசமாத்தான் இருக்கும். அதனால விடாத. என்னைப் பத்திப் பேசினாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி. உன்னால முடியும்னா சொல்லு, வரேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

முடியும் என்று வாயால் சொன்னேன். முகத்துக்கு நேராக, மெதுவாக. அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது தெருவில் கண் மங்கிப்போய் ஒரு சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கினேன். அதையும் பதிவு செய்திருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

மேல் வீட்டில் காலையிலிருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்கிறது. சுண்டெலி வந்து நிலவரம் சொன்னாள்: அப்பா முகத்தைத் திருப்பாமல் நேராக நின்று திட்டு வாங்கவேண்டுமாம், அப்போதுதான் அவர் பதில் சொன்னால் அம்மாவுக்குத் தெரியுமாம். அத்தானை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

அவர் இன்று கூப்பிட்டார்.

இந்த வாக்கியத்தை இனி எத்தனை தடவை எழுதுவது? நேற்றும் கூப்பிட்டார், சாக்கு ஒரு கேள்விக்குறி. முந்தாநாள் ஒரு மேற்கோள் குறி. இன்று ஒன்றுமே இல்லை. "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். காற்புள்ளிக்காரர் சும்மா கூப்பிடுகிற ஆளா?

சோம்பேறித்தனத்தில் இதற்கும் ஒரு சுருக்கம் வைத்துவிட்டேன். "அவ" என்று தட்டி ஸ்பேஸ் அடித்தால் போதும், "அவர் இன்று கூப்பிட்டார்." என்று முழுதாக வந்துவிடும். என் எழுத்தில் "அவர்" வரும், "அவள்" வரும், "அவன்" வரும். வெறும் "அவ" எங்கே வரப்போகிறது? நல்ல இடமாகப் பார்த்துத்தான் வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

அவர் இன்று கூப்பிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

அக்கா வந்தாள். பளிச்சென்று உடுத்திக்கொண்டு, போருக்கு வருகிற மாதிரி. அத்தான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அவளுக்குக் கொடுத்த வாக்குப்படி, பேசினது பேசினபடியே, ஒரு எழுத்து விடாமல் தட்டுவது என்று உட்கார்ந்தேன். என் கண் அவர்கள் வாய்மேல். திரையை நான் எங்கே பார்த்தேன்? அந்தத் திமிர்தான் இருக்கிறதே.

பேச்சு சுண்டெலியின் பரீட்சைக்கு வந்தது. அம்மா, "அவ படிக்கிறாளா இல்லையா?" என்றாள். அத்தான், "அவ எங்க படிக்கிறா? அவ போனைத்தான் படிக்கிறா" என்றார். சித்தப்பா, "அவ படிச்சிடுவா, விடுப்பா" என்றார். எல்லாவற்றையும் தட்டினேன். விரல் பறந்தது. பெருமையாக இருந்தது.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம். நிமிர்ந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் கீழே விழுந்தது. கண்ணில் தண்ணீர். அழுகிறாளோ என்று அத்தான் பாதி எழுந்துவிட்டார். அழவில்லை. சிரித்தாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன்.

அம்மா: அவர் இன்று கூப்பிட்டார். படிக்கிறாளா இல்லையா?
அத்தான்: அவர் இன்று கூப்பிட்டார். எங்க படிக்கிறா? அவர் இன்று கூப்பிட்டார். போனைத்தான் படிக்கிறா.
சித்தப்பா: அவர் இன்று கூப்பிட்டார். படிச்சிடுவா, விடுப்பா.

எழுத்தில்தான் "அவ" வராது. பேச்சில் நாம் மூச்சுக்கு மூச்சு "அவ" என்கிறோம். அது எனக்குத் தெரியாதா? பேசுவதை எழுதியே காலம் தள்ளுகிறவள் நான்!

என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அக்காவுக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. "என்ன? என்ன சிரிப்பு?" என்று அம்மா கேட்டாள். "என்னம்மா?" என்று சுண்டெலி கேட்டாள். சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதையும் நான் தட்டினேன்.

அக்கா படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

மார்ச் 30, திங்கள்

அக்கா காலையிலேயே கீழே இறங்கி வந்து என் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாரு அவரு?"

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. தட்டினேன். சரிபார்க்கும் வேலை. தனி ஆள். நல்லவராகத் தெரிகிறது. சித்தப்பா விவகாரத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"காற்புள்ளியா? பேரு வச்சிருக்கா பாரு." மேலும் படித்தாள். "எதுக்குக் கூப்பிடறார்?"

காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் குறி என்று தட்டினேன்.

"பாவம்டி. குறியெல்லாம் தீர்ந்துபோனா என்ன பண்ணுவார்? நீயே ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு."

முடியாது என்று தட்டினேன். கூப்பிடாவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள். என் வயதில் இருக்கும் ஒருத்தியை இப்படியா மிரட்டுவார்கள்? பழைய அக்காவேதான். எனக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்து தொலைத்தது.

ஏப்ரல் 2, வியாழன்

அம்மா இந்த வாரம் மூன்றாவது தடவை மேலே போய் அக்காவைக் கொஞ்சிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள். "என்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறா! காது கேக்காதவகிட்ட இவ என்ன ரகசியம் சொன்னா?" என்று பாத்திரத்திடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறாளாம். நேற்று, "ஆண்" என்றாளாம்.

"அவ" சுருக்கத்தை நீக்கிவிட்டேன். இனி அந்த வாக்கியத்தை முழுதாகத் தட்டிக்கொள்கிறேன். விரலுக்கு ஒன்றும் வலித்துவிடாது.

ஏப்ரல் 10, வெள்ளி

கூப்பிட்டுவிட்டேன். மின்னஞ்சலில் பதில் வந்தது: "ஞாயிறு, பத்தொன்பதாம் தேதி, மதியம், கட்டாயம் வருகிறேன்." ஆறு சொற்களுக்கு மூன்று காற்புள்ளி. பதற்றமாக இருக்கிறார் போல.

ஏப்ரல் 19, ஞாயிறு

வந்தார். உயரம். சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கிறது. எனக்கு எதிரே உட்காரச் சொன்னார்கள். அவருக்குப் போட வேண்டிய விசையை நேற்றே ஒதுக்கியிருந்தேன். வீட்டில் யாருக்கும் வேறு பெயர் தோன்றவில்லை, அதனால் திரையிலும் "காற்புள்ளி:" என்றே வந்தது. அவர் எட்டிப் பார்த்தார், காது சிவந்தது. அதற்குக் கீழே நான் தட்டியிருந்த பத்து வரியில் ஒரு நிறுத்தக்குறிகூட இல்லை. அதையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான்.

அம்மா அடுப்புக்கும் மேஜைக்குமாக ஓடிக்கொண்டே இருந்ததால் பாதிப் பேச்சு அவள் காதில் விழவில்லை. எல்லோரும் போன பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வந்தவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி விடாமல் பார்க்கவேண்டுமாம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வா. ஏதோ விட்டுப்போச்சு உனக்கு."

ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன்.

அத்தான்: இல்ல நான் அப்படிச் சொல்லல
சுண்டெலி: படிச்சு முடிச்சிட்டுத்தான்மா வந்தேன்
சித்தப்பா: சரிம்மா பஸ் இல்ல வேன்தான் ஒத்துக்கிறேன்
காற்புள்ளி: இல்லைங்க அப்பா அம்மா தம்பி வீட்டுல இருக்காங்க
காற்புள்ளி: சமைப்பேங்க ஓரளவுக்கு
காற்புள்ளி: ஓரளவுன்னா முட்டை
அத்தான்: அவரைக் கொஞ்சம் சாப்பிட விடேன்
சித்தப்பா: (சிரிப்பு)
சுண்டெலி: அம்மா ப்ளீஸ்மா மானம் போகுது
அத்தான்: சரி சரி நான் வாயே திறக்கல
காற்புள்ளி: அதை உங்க தங்கச்சியைத்தான் கேக்கணுங்க

"எல்லாரும் பதில் மட்டும் சொல்லிட்டிருக்காங்க" என்றாள் அம்மா. "கேள்வி எங்கடி?"

ஆரம்பம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் அக்காவின் பெயர் இல்லை. எல்லோருக்கும் விசை வைத்தேன், அவளுக்கு வைக்கவில்லை. படிப்பவள் அவள், அவள் சொன்னதை அவளுக்கே எழுதிக் காட்டுவானேன் என்று நினைத்திருப்பேனோ என்னவோ. இத்தனை ஞாயிறும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்றைக்கு மேஜையில் இருந்த ஒவ்வொருவரும், வந்த விருந்தாளி உட்பட, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவள் ஒருத்திக்குப் பதில் சொல்லித்தான் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நிறுத்தி, அக்கா என்ன கேட்டிருப்பாள் என்று அக்கா குரலிலேயே சொல்லிக்கொண்டு படித்தாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு விசை வைத்தேன்.